அளவு தப்பாத கை

சுருளிவேலைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவருக்கு நடந்தது முழுதாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதில் ஒரு பங்கை ஐந்து வருஷம் அவருக்கே தெரியாமல் வைத்திருந்தவனும் நான்தான். அதனால் தகுதியை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெயர் சார்லஸ். திண்டுக்கல்லில் வேதியியல் படித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்டு அலுத்து, தொண்ணூற்று மூன்றில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை போட்டேன். சுருளிவேலின் ஊர் அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் எட்டு மைல். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. கத்திரியும் தக்காளியும் போட்டவர்களின் தோட்டங்களில், முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பதுதான் தொழில்.

மருந்தடிக்க ஆயிரம் பேர் உண்டு. சுருளிவேலை மட்டும் பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி வைத்துக் கூட்டிப்போனதற்குக் காரணம் அவருடைய கை. எல்லோருக்கும் பாட்டில் மூடிதான் அளவு. மற்றவர்கள் ஊற்றினால் பாதி மூடியில், பாதி விரலில். அவர் ஊற்றினால் துளி சிந்தாது. ஒரு நாள் மதியம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, காலேஜிலிருந்து நான் சுட்டுக்கொண்டு வந்த அளவுக்குழாயை முன்னால் வைத்து, "மூடி இல்லாம இருவது மில்லி ஊத்துங்கண்ணே, பாப்போம்" என்று தண்ணீரைக் கொடுத்தேன். ஊற்றினார். இருபது கோட்டின் மேல் தண்ணீர் நின்றது. நான் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்திருந்தார். அவர் மருந்தடித்த செடியில் ஓர் இலை கருகியதில்லை, ஒரு புழு மிஞ்சியதும் இல்லை என்று சொல்வார்கள். புழு விஷயம் கொஞ்சம் மிகை.

அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. புதிதாக மருந்தடிக்கிறவனுக்குத்தான் வாந்தியும் மயக்கமும். நாலு வருஷம் அடித்துவிட்டால் உடம்பு பழகிவிடும். அதனால் டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்ட ஆகக் கடுமையான மருந்து என்றால் பழைய ஆளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். சுருளிவேலுக்கு இருபது வருஷப் பழக்கம். மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஓர் ஊது ஊதி மறுபடி மாட்டுவார். நான் முகம் சுளித்தால், "எனக்கு இது காப்பித்தண்ணி மாதிரிங்க தம்பி. பழகிப்போச்சு" என்பார்.

வேதியியல் படித்த நான் சிரித்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அவர் மனைவி பெருமாயிதான் அவரை வாசலிலேயே நிறுத்தி, தலையோடு நாலு குடம் ஊற்றிய பிறகு உள்ளே விடுவார். பெருமாயிக்கு வாய் நீளம். ஆனால் புருஷனுடைய கையைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த வாயில் பெருமை தவிர வேறு வராது.

தொண்ணூற்று ஒன்பது ஐப்பசியில் கத்திரியில் காய்ப்புழு விழுந்தது. எந்த மருந்துக்கும் அசையவில்லை. அந்த மாதம்தான் ஒரு கம்பெனி ஆள் கடைக்காரர்களைக் கூட்டி, கோழி பிரியாணி போட்டு, இரண்டு மருந்தைச் சேர்த்து அடித்தால் புழு நிற்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பிரியாணி சாப்பிட்ட வாயால் நான் அதை அப்படியே சுருளிவேலிடம் சொன்னேன். அவர் இரண்டு பாட்டிலையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வாசன அடிக்குமுங்களே தம்பி. ஒரே சாதி மருந்து. சேத்து அடிச்சா ரெண்டுலயும் பாதி கொறைக்கணுமில்லீங்க?"

"ஒண்ணும் கொறைக்க வேணாம்ணே. ரெண்டையும் முழு அளவு போடுங்க. அப்பத்தான் கேக்கும்."

"படிச்சவங்க நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று எடுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. பட்டம் என்னிடம் இருந்தது, புத்தி அவரிடம் இருந்தது.

மூன்று நாள் தொடர்ந்து அடித்தார். மூன்றாம் நாள் பகலில் வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது, வேட்டி நனைகிற அளவுக்கு வேர்த்தது, தோள் சதை தானாகத் துடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த பெருமாயி ஓடி வந்து, மார்க்கெட்டுக்குக் கிளம்பிய தக்காளி வண்டியில் அவரைப் போட்டுக்கொண்டு திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தோட்டக்காரர் போலீஸுக்குப் பயந்து பாட்டில்களைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். என்ன மருந்து என்று தெரியாமல் டாக்டர் தவிக்க, என் கடையில் வாங்கியது என்பதால் பெருமாயி எனக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் பெயர் ஷைனி. அப்போதுதான் படிப்பை முடித்து வந்தவர். நான் இரண்டு மருந்தின் பெயரையும் சொன்னேன்.

"எதுக்கு ரெண்டு?"

"கடையில அப்படித்தான் கலக்கச் சொல்வாங்க டாக்டர். ரெண்டும் முழு அளவு."

அவர் எழுதிக்கொண்டார். நோயாளிக்கு நான் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டார். கடைக்காரன் வேறு யாரோ என்பதுபோல நானும் நின்றேன். பெருமாயி வெளியே பெஞ்சில் இருந்தார். இது அவர் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் என்னை உட்கார வைத்து விளக்கினார். "நரம்புக்கு நரம்பு சேதி போறது ஒரு ரசாயனத்தாலதான். அசிட்டைல்கோலின்னு பேரு. சேதி சொல்லி முடிச்சதும் அதக் கூட்டித் தள்ள ஒரு நொதி இருக்கு. இந்த ரெண்டு மருந்தும் அந்த நொதியக் கட்டிப்போட்டுரும். கூட்ட ஆளில்லாம ரசாயனம் குமிஞ்சுபோச்சு. அதான் எச்சில், துடிப்பு, வலிப்பு எல்லாம்."

"இருவது வருசமா அடிக்கிறாரு டாக்டர். பழகுன உடம்பு."

"பழக்கமெல்லாம் இதுல கெடையாது. ஒவ்வொரு தடவ அடிக்கிறப்பவும் அந்த நொதி கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சிருக்கும். திரும்ப ஊற வாரக்கணக்குல ஆகும். அதுக்குள்ள அடுத்த தோட்டத்துக்குப் போயிருப்பாரு. புதுசா வாரவன விட இவருக்குத்தான் ஆபத்து."

ஊர் முழுக்க நம்பியது தலைகீழ் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் சுருளிவேலுக்கு இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. "உசுருக்கு வழி இருக்கு. மூளைய நெனச்சாத்தான் எனக்குப் பயம்" என்றார் டாக்டர். "மூளைக்குள்ள காவல்காரங்க மாதிரி சில செல்கள் இருக்கு. வலிப்புல நரம்பு அடிபட்டா, கலவரம்னு நெனச்சுக் கெளம்பிருவாங்க. கள்ளனையும் அடிப்பாங்க, வீட்டுக்காரனையும் அடிப்பாங்க. அதத்தான் மூளை அழற்சின்னு சொல்றோம். எம்புட்டு நாள் இருக்கும்னு சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சுருளிவேல் பிதற்றினார். நஞ்சை முறிக்கப் போடும் ஊசி அப்படிச் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முகம் சிவந்து, காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து ஊற்றினார். "ஏழா எட்டா? ஏழு மூடி ஊத்துனேனா, எட்டு ஊத்துனேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சுருளி கணக்கு தப்பிட்டாப்ல" என்றார் ஒருவர்.

"இவரா?" என்றார் பெருமாயி. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

நான் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தேன். கணக்கு தப்பவில்லை, நான்தான் அப்படி ஊற்றச் சொன்னேன் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். என் மடியில் நிறையக் கனம் இருந்தது. கடையின் லைசென்ஸ் இருந்தது. கிளாரா என்கிற பெண்ணை எனக்குப் பேசி முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் தோட்டக்காரரிடம் கெஞ்சி, புதைத்த பாட்டில்களைத் தோண்டி எடுத்து, மிச்சத்தை அளந்து பார்த்தேன். அவர் அடித்த டேங்குகளுக்கு எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவுதான் குறைந்திருந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இருபது நாள் கழித்து அவர் வீடு திரும்பினார். மருந்தடித்த அந்த வாரம் முழுவதும் அவர் தலையிலிருந்து போய்விட்டிருந்தது. கத்திரித் தோட்டமும் நினைவில்லை, என் கடைக்கு வந்ததும் நினைவில்லை. "எனக்கு என்னங்க ஆச்சு?" என்று பார்த்தவர்களை எல்லாம் கேட்டார். அளவு தப்பிவிட்டது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நினைவில்லாத மனிதன் வேறு எதை நம்புவான்?

முதல் வருஷம் மோசம். உப்பு வாங்கப் போனவர் வெறுங்கையோடு வருவார். பாத்திரம் விழுந்தால் கத்துவார். மடை திறந்துவிட்டு மறந்துபோய் அடுத்தவர் வயலை மூழ்கடித்தார். பிறகு மெல்லத் தேறினார். தலைவலி குறைந்தது, கோபம் தணிந்தது, பெயர்கள் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் திரும்பவில்லை. எதையும் அளக்க மாட்டார். மாட்டுக்குத் தவிடு போடக்கூடப் பெருமாயியைக் கூப்பிடுவார். "என் கையில அளவு நிக்கல புள்ள" என்பார். ஊரில் நாலு பேருடைய எருமைகளை மேய்த்தார். எருமைக்கு அளவு வேண்டியதில்லை.

பெருமாயி தினம் கூலிக்குப் போனார். அலுத்து வந்த சாயங்காலங்களில் வாய் திறந்துவிடும். "இருவது வருசம் அளந்த கைக்கு அன்னைக்கு என்ன கேடு வந்துச்சு? ஊரே வண்டி வச்சுக் கூட்டிப்போன கை. நாசமாப் போச்சே" என்பார். சுருளிவேல் எதிர்த்து ஒரு சொல் சொல்ல மாட்டார், தலையைக் குனிந்துகொள்வார். நான் மாதம் ஒரு முறை ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு போவேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் கூட்டிப்போவேன். ஊர் என்னை நல்ல மனுஷன் என்றது. அந்தச் சொல் என் மேல் விழும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. கலவை மருந்து விற்பதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் ஸ்டாக் இல்லை என்றேன்.

சொல்லாமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. திண்டுக்கல்லில் ஒரு மாதா கோயிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்; அந்த ஆளிடமே போய்ச் சொல் என்றும் சொன்னார். செபத்தைச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் தவக்காலத்தில் வேறு கோயிலுக்குப் போனேன். அந்தச் சாமியாரும் அதையே சொன்னார். திண்டுக்கல்லில் கோயில்களுக்குப் பஞ்சமில்லை. ஐந்து வருஷத்தில் நான்கு மாற்றினேன். சாமியார்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

இரண்டாயிரத்து நான்கு வைகாசியில் வழக்கம்போல டாக்டரிடம் போனோம். அவர் ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொன்னார். முன்பெல்லாம் சுருளிவேல் ஒன்றுதான் சொல்லுவார். அன்றைக்கு நான்கு சொன்னார். டாக்டருக்கு முகம் மலர்ந்தது. இருமல் மருந்து பாட்டிலையும் மூடியையும் நீட்டி, "இதுல அஞ்சு மில்லி ஊத்துங்கய்யா" என்றார்.

சுருளிவேல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "வேணாங்க டாக்டரம்மா. நான் அளந்தா ஆபத்துங்க."

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். "மூளையோட அழற்சி அடங்கிட்டு வருது. இவருக்கு ஏதாச்சும் தீராத கவலை இருக்கா?"

"ஏன் டாக்டர்?"

"அன்னைக்கு இவரப் போட்டுத் தாக்குச்சே, அசிட்டைல்கோலின், அது அளவா இருந்தா அந்தக் காவல்காரங்கள அடக்கி வைக்குமாம். இப்ப ரெண்டு மூணு வருசமாத்தான் எழுதுறாங்க. அதே மாதிரி பயமும் கவலையும் ஓயாம இருந்தா, அதுக்குன்னு வேற ரசாயனங்க சுரந்து காவல்காரங்கள உசுப்பிவிட்டுக்கிட்டே இருக்கும்னும் சொல்றாங்க. எல்லாம் எலியில பாத்ததுதான். மனுசனுக்கு எம்புட்டுன்னு இன்னும் முடிவாகல. ஆனா இவரு மனசுல ஏதோ கெடந்து உறுத்துது."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று படித்திருக்கிறேன். தலைக்குள்ளேயே அப்படி ஒரு கணக்கு நடக்கும் என்று நினைத்ததில்லை. டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டினார்.

"ரெண்டு மருந்து, முழு அளவு, கடையில சொன்னதுன்னு நானே எழுதி வச்சிருக்கேன். அளவு தப்புனதா எங்கயும் இல்லையே. அவருக்கு யாரு அப்படிச் சொன்னது?"

"ஊருல சொன்னாங்க டாக்டர். அந்தக் கடைக்காரன் நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கள அவரு சொந்தம்னு நெனச்சேன்" என்றார். காகிதங்களைக் கட்டி வைத்தார். "அழற்சிக்கு என்னால முடிஞ்சதப் பாத்துட்டேன். மிச்சத்துக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல. நீங்கதான் சொல்லணும்."

ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறினோம். அவருக்கு ஜன்னல் ஓரம். ரெட்டியார்சத்திரம் தாண்டும் வரை நாலு முறை வாயெடுத்து நாலு முறை மூடினேன். பிறகு சொன்னேன். கம்பெனி ஆள், பிரியாணி, இரண்டு பாட்டில், அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், புதைத்த பாட்டிலைத் தோண்டி அளந்தது, ஒன்றையும் விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் மடியிலிருந்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதி கொறைக்கணும்னு நான் சொன்னேனுங்களா?"

"சொன்னீங்கண்ணே."

"நீங்க வேணாம்னீங்க."

"ஆமாண்ணே."

"ஊத்துனது சரியா இருந்துச்சுங்களா?"

"ஒரு துளி கூடவுமில்ல, கொறையவுமில்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, கேட்காமல் நகர்ந்தார். கொஞ்சம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாசில வாயில வெச்சு ஊதுனேன்ல, அது என் தப்புத்தானுங்க" என்றார். அந்த நேரத்திலும் தன் பங்கைப் பிரித்து எடுத்துக்கொண்டார். என்னை நாலு வார்த்தை திட்டினால் இறங்கி ஓடிவிடலாம் என்று இருந்தது. அவர் திட்டவில்லை.

"எங்கிட்டச் சொன்னது பத்தாதுங்க தம்பி" என்றார். "ஊருக்குள்ள வந்து சொல்லுங்க."

அவர் ஊரில் இறங்கினோம். களத்தில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெருமாயியும் இருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். சுருளிவேல் என்னைப் பார்த்தார். நான் நின்றபடியே எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். அளவு தப்பியது நான். அவர் சரியாகத்தான் கேட்டார், சரியாகத்தான் ஊற்றினார் என்றேன். பஸ்ஸில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. ஒரு பெண் மட்டும், "அட பாவி மனுசா" என்றாள். மற்றவர்கள் கை நின்றுவிட்டது.

பெருமாயி எழுந்தார். என்னிடம் வரவில்லை. புருஷன் எதிரில் போய் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உடு புள்ள" என்றார் சுருளிவேல்.

அப்புறம்தான் பெருமாயி என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"மாசாமாசம் வந்து உக்காந்துட்டுப் போவீங்களே தம்பி. அப்பல்லாம் நான் இவர ஏசுனது உங்க காதுல விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சுக்கா" என்றேன். "ஒவ்வொரு தடவையும் விழுந்துச்சு."